ஊரிலிருந்து ஆள் வந்தால்: வூஹானில் காலைச் சாப்பாட்டுக்கு அழைத்துப் போகும் முறை

வேலைக்கோ படிப்புக்கோ வூஹானுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு இந்தச் சிக்கல் சீக்கிரமே வந்துவிடும். ஊரிலிருந்து அம்மா அப்பாவோ, மச்சானோ, கூடப் படித்த யாராவதோ வந்து இறங்குவார்கள். மஞ்சள் நாரைக் கோபுரம், கிழக்கு ஏரி எல்லாம் காட்டிவிடலாம், அதற்கு வழிகாட்டிப் பலகைகள் இருக்கின்றன. சாப்பாட்டுக்குத்தான் பலகை கிடையாது. இந்த ஊரின் நல்ல சாப்பாடோ காலை ஆறு மணிக்கும் ஒன்பதரைக்கும் நடுவில், நடைபாதையில், பெயர்ப்பலகைகூட இல்லாத கடைகளில் நடக்கிறது. நீங்களே இன்னும் பாதி மொழியில் தடுமாறிக்கொண்டிருக்கும்போது இன்னொருவரையும் கூட்டிக்கொண்டு அங்கே போய் நிற்பது எப்படி என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஒன்றை மட்டும் முதலிலேயே மனத்தில் போட்டுக்கொள்ளுங்கள். இங்கே ஒரு கடையில் ஒரு பண்டம்தான். நூடுல்ஸ் போடுபவர் நூடுல்ஸ் மட்டும் போடுவார், எண்ணெய்ச் சட்டி வைத்திருப்பவர் அதில் பொரிப்பதை மட்டும் விற்பார். மெனு அட்டையும் மேசையும் உள்ள ஓட்டலைத் தேடினால் காலைப்பொழுது வீணாகும். நான்கு கடையில் நான்கு சின்னப் பண்டம் வாங்கி, எல்லாரும் பிய்த்துப் பிய்த்துச் சாப்பிட்டுக்கொண்டே நகர்வதுதான் சரியான முறை. மற்றதெல்லாம் இதற்கான ஏற்பாடுகள்.

முதல் நாள் ராத்திரியே செய்ய வேண்டியவை

பணம் முதலில். தள்ளுவண்டி வரைக்கும் எல்லாரும் கியூஆர் அட்டை மாட்டியிருப்பார்கள். விருந்தாளி அலிபே செயலியை ஊரிலேயே இறக்கி, தன் விசா அல்லது மாஸ்டர்கார்டை அதில் இணைத்துவிட்டு வருவது நல்லது. இந்திய வங்கி அட்டைகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை பெரும்பாலும் மூடியே இருக்கும். வங்கிச் செயலிக்குள் போய் அதைத் திறக்கச் சொல்லுங்கள், இதை மறப்பவர்கள்தான் அதிகம். அலிபேயில் ஒரு தடவைக்கு 200 யுவானுக்குள் செலவழித்தால் வெளிநாட்டு அட்டைக்குத் தனிக் கட்டணம் பிடிப்பதில்லை. காலைச் சாப்பாடு அந்த எல்லையைத் தொடவே தொடாது. இன்னொரு விஷயம். மிகச் சிறிய வண்டிக்காரர்கள் சிலர் கடைக்கான கியூஆர் வைக்காமல் சொந்தக் கணக்கின் கியூஆரை மாட்டியிருப்பார்கள். வெளிநாட்டு அட்டையிலிருந்து அதற்குப் பணம் போகாது. அந்த இடங்களில் நீங்களே கொடுத்துவிடுங்கள். ஒரு யுவான், ஐந்து யுவான், பத்து யுவான் நோட்டுகள் கொஞ்சம் கையில் இருந்தால் போதும். நூறு யுவான் நோட்டை நீட்டினால் சில்லறைக்காக வரிசையே நிற்கும்.

அடுத்து, விருந்தாளி எதையெல்லாம் சாப்பிட மாட்டார் என்று விசாரித்து வையுங்கள். "எல்லாம் சாப்பிடுவேன்" என்று சொல்பவர்களையும் விடாதீர்கள், மாட்டிறைச்சி, பன்றி இறைச்சி இரண்டையும் பெயர் சொல்லியே கேளுங்கள். வேர்க்கடலை, எள் ஒத்துக்கொள்ளாதவர் என்றால் இந்த ஊரின் காலைச் சாப்பாட்டில் பாதி அவருக்கு ஆகாது. விடை கிடைத்ததும், சீனம் எழுதத் தெரிந்த ஒரு நண்பரிடம் சொல்லி அதைக் கொட்டை எழுத்தில் தட்டச்சு செய்து, படமாக்கி, விருந்தாளியின் கைபேசியில் சேமித்துவிடுங்கள். சீன மொழியில் ஒரே சொல்லை நான்கு விதமாக இழுக்கலாம், நாம் இழுப்பது பெரும்பாலும் ஐந்தாவது விதமாக இருக்கும். காலை நேர அவசரத்தில் கடைக்காரருக்கு நம் வாயிலிருந்து வருவதைவிட எழுத்தில் காட்டுவதுதான் சுலபம்.

கடைசியாக நேரம். இந்தியா, இலங்கை நேரத்தைவிட இங்கே இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. இங்கே காலை ஏழு என்றால் வந்தவர் உடம்புக்கு அது நாலரை மணி. முதல் நாளே ஆறு மணிக்கு எழுப்பாதீர்கள், எட்டரைக்குப் போனாலும் பண்டம் இருக்கும். இரண்டாம் மூன்றாம் நாளில் நேரத்தை முன்னால் இழுத்துக்கொள்ளலாம். ஏழரைக்கும் எட்டரைக்கும் நடுவில் அலுவலகக் கூட்டம் நெரியும், அதில் தயங்கி நிற்பவர்களுக்கு இடம் கிடையாது. ஓட்டலில் தங்கியிருந்தால் அங்கே இலவசமாகக் கிடைக்கும் காலை உணவைத் தொட வேண்டாம் என்று முந்தின இரவே சொல்லிவிடுங்கள். காபி மட்டும் குடிக்கட்டும். தெருக்கடைகளில் காபி கிடையாது. காபி இல்லாத நம் ஊர்ப் பெரியவர்களோடு ஒன்பது மணி வரை நடப்பது யாருக்கும் நல்லதல்ல.

எந்தத் தெரு

வூஹான் மூன்று ஊர்கள் சேர்ந்த ஒரு நகரம். யாங்சி ஆற்றுக்குத் தெற்கே வூச்சாங், வடக்கே ஹான்கோ, ஹான் ஆறு வந்து கலக்கும் மூலையில் ஹான்யாங். 1861இல் ஹான்கோ வெளிநாட்டு வணிகத்துக்குத் திறக்கப்பட்டதிலிருந்து ஆற்றங்கரை முழுக்கப் படகுத்துறையும் சுமைகூலிகளுமாக ஆனது. விடிவதற்கு முன் வேலைக்குப் போகிறவன் வீட்டில் அடுப்பு மூட்டிக்கொண்டிருக்க முடியாது. வெளியே, நின்றபடி, வயிறு தாங்கும்படி, சீக்கிரமாகச் சாப்பிட வேண்டும். இன்றைக்கும் இந்த ஊர்க்காரர்கள் காலையில் வெளியேதான் சாப்பிடுகிறார்கள். அதற்கு 'குவோ ஸாவ்' என்று தனியாக ஒரு பேச்சே உண்டு.

சுற்றுலாக்காரர்கள் எல்லாரும் போவது ஹூபு சந்து. வூச்சாங்கில், யாங்சிப் பெரிய பாலத்துக்குப் பக்கத்தில் உள்ள குட்டிச் சந்து அது. போக வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், வளைவு வாசல் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் நீளக் குச்சியில் குத்திய கணவாய், வாணலி நிறைய வறுத்த ஏதேதோ என்று அங்கே விற்பதில் பாதி, சீனாவின் எந்தச் சுற்றுலாத் தெருவிலும் கிடைப்பதுதான். விலையும் கூடுதல். அங்கிருந்து நடந்து போகும் தூரத்திலேயே லியாங்தாவ் தெரு இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகளும் குடியிருப்பவர்களும் சாப்பிடும் தெரு அது. என்னைக் கேட்டால் அங்கேதான் போவேன். உங்கள் குடியிருப்புக்கு அடியிலேயே காலையில் நீராவி கிளம்பும் மூன்று கடை இருந்தால் அதுவும் போதும், லியாங்தாவ் தெருவரைகூடப் போக வேண்டாம்.

கடையைத் தேர்ந்தெடுக்க ஒரே விதி, வரிசையில் நிற்பவர்களின் உடையைப் பாருங்கள். பள்ளிச் சீருடை, டெலிவரிக்காரரின் ஹெல்மெட், வீட்டுச் செருப்போடு வந்த பாட்டி என்று இருந்தால் நீங்களும் நில்லுங்கள்.

முதல் கிண்ணம்: ரகான்மியன்

சூடான உலர் நூடுல்ஸ். வூஹானுக்கு அடையாளமே இதுதான். 2020இல் நகரம் ஜனவரி 23 முதல் ஏப்ரல் 8 வரை மூடிக் கிடந்தபோது, ஊருக்குத் தைரியம் சொல்லிச் சீனா முழுவதும் வரைந்த படங்களில் வூஹானை ஒரு கிண்ணம் ரகான்மியனாகத்தான் வரைந்தார்கள்.

செய்வதைப் பார்க்க விருந்தாளியை முன்னால் நிறுத்துங்கள். நூடுல்ஸ் காரநீர் (சோடா உப்பு மாதிரியான காரம், மிளகாய்க் காரமல்ல) சேர்த்துப் பிசைந்தது, அதனால்தான் மஞ்சள் நிறமும் கடிக்க ஒரு முறுக்கும். அதை முன்கூட்டியே முக்கால் பதத்துக்கு மேல் வேகவைத்து, மேசையில் கொட்டி, எண்ணெய் விட்டு உதறி, விசிறி ஆற வைத்திருப்பார்கள். நாம் கேட்டதும் ஒரு கைப்பிடியை நீளக் காம்புள்ள கூடை அகப்பையில் போட்டு, கொதிக்கும் நீரில் சில நொடிகள் முக்கி, மேலும் கீழும் குலுக்கி, நீர் சொட்டச் சொட்டக் காகிதக் கிண்ணத்தில் கவிழ்ப்பார்கள். அதற்குமேல் கரண்டி கரண்டியாக விழும். உப்பும் மசாலாவும் கலந்த கறுப்பு நீர், கெட்டியான எள் விழுது, பொடியாக நறுக்கிய ஊறுகாய் முள்ளங்கி, புளித்த காராமணிக்காய், வெங்காயத்தாள். மிளகாய் எண்ணெய் நம் விருப்பம். மொத்தமும் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும்.

கிண்ணம் கைக்கு வந்ததும் புதியவர்கள் படம் எடுக்க ஆரம்பிப்பார்கள். விடாதீர்கள். எள் விழுது ஆறினால் நூடுல்ஸ் ஒரே கட்டியாகிவிடும். சாப்ஸ்டிக்கை அடிவரை விட்டு, தூக்கித் தூக்கிப் புரட்டி, ஒவ்வொரு இழையிலும் விழுது ஏறும்வரை கலக்க வேண்டும். இருபது முப்பது புரட்டல் ஆகும். கலக்கி முடித்துவிட்டுப் படம் எடுக்கலாம். நாலு வாய்க்குப் பிறகு தொண்டை வறளும். இது குழம்பில்லாத பண்டம், எனவே பக்கத்துக் கடையில் சூடான சோயாப் பாலோ தான்ஜியுவோ முதலிலேயே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தான்ஜியு என்பது கொதிக்கும் நீரில் முட்டையை அடித்துக் கலக்கி, புளிக்கவைத்த ஒட்டரிசியும் சர்க்கரையும் சேர்த்த இனிப்புப் பானம். ஒட்டரிசி புளித்ததால் லேசாக மது வாடை இருக்கும். மதுவைத் தொடாதவர்களுக்கு அதைச் சொல்லிவிட்டுக் கொடுங்கள், குடித்த பிறகு சொல்லாதீர்கள்.

ஒரு சாதா கிண்ணம் பெரும்பாலும் ஐந்திலிருந்து எட்டு யுவான். ஒரு யுவான் ஏறக்குறைய 12, 13 இந்திய ரூபாய் என்று வைத்துக் கணக்குப் போட்டால் வந்தவர்கள் முகம் மலரும். இரண்டு பேருக்கு ஒரு கிண்ணம் போதும். இதைத்தான் புதியவர்கள் கேட்பதே இல்லை. ஆளுக்கொரு கிண்ணம் வாங்கி வயிற்றை அடைத்துக்கொண்டால் மற்ற மூன்று கடை அவ்வளவுதான்.

உட்கார இடம் கேட்டால் உயரமான பிளாஸ்டிக் முக்காலி ஒன்றும், குட்டையான முக்காலி ஒன்றும் காட்டுவார்கள். உயரமானது மேசை, குட்டையானது இருக்கை. முழங்கால் வலி உள்ள பெரியவர்களுக்குக் குட்டை முக்காலி தண்டனை, உயரமானதில் உட்கார்ந்து கிண்ணத்தைக் கையில் பிடித்துக்கொள்ளட்டும். முன்பின் தெரியாதவர் அதே மேசையில் வந்து உட்கார்ந்தால் விலகிக் கொடுங்கள், அது வழக்கம். பக்கத்துக் கடையில் வாங்கியதை இங்கே கொண்டுவந்து சாப்பிடுவதையும் காலைக் கடைகளில் யாரும் தப்பாக நினைப்பதில்லை. நடந்துகொண்டே சாப்பிடுபவர்களைப் பார்த்து நீங்களும் கிண்ணத்தோடு மெட்ரோவுக்குள் இறங்கிவிடாதீர்கள், உள்ளே சாப்பிடத் தடை.

இரண்டாவது, மூன்றாவது கடை

தோவ்பி செய்வதைப் பார்க்கவே நேரம் ஒதுக்கலாம். பாசிப்பயறும் அரிசியும் அரைத்த மாவை, ஒரு ஆள் இரண்டு கையையும் விரித்தால்தான் எட்டும் அளவு பெரிய இரும்புத் தட்டையில் காகிதம்போல் மெல்லியதாகத் தேய்ப்பார்கள். மேலே முட்டைகளை உடைத்து ஊற்றிப் பரப்புவார்கள். பிறகு மொத்தத்தையும் திருப்பிப் போட்டு, அவித்த ஒட்டரிசியை ஒரே சீராக விரித்து, அதன்மேல் பொடியாக நறுக்கிய பன்றி இறைச்சி, மூங்கில் குருத்து, காளான் தூவுவார்கள். ஓரங்களை உள்ளே மடித்து, எண்ணெய் விட்டு, மறுபடி ஒரு புரட்டு. வெட்டுவதற்குக் கத்தி எடுக்காமல் ஒரு பீங்கான் தட்டின் விளிம்பாலேயே டக்டக்கென்று சதுரம் சதுரமாகப் பிரித்துவிடும் கைகள் இன்னும் இருக்கின்றன. 1958இல் மாவோ இங்கே வந்து ஹான்கோவின் லாவ்தோங்செங் கடையில் தோவ்பி சாப்பிட்டதை இந்த ஊர் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறது. புதிதாகச் சுட்டு இறக்கும்வரை காத்திருந்து வாங்குங்கள். ஆறிய தோவ்பி கல் மாதிரி வயிற்றில் உட்காரும்.

மியன்வோவைப் பார்த்ததும் நம் ஆட்களுக்கு முகம் மாறும், அது அப்படியே ஓட்டை வடை. அரிசியும் சோயாவும் அரைத்த மாவில் இஞ்சியும் வெங்காயத்தாளும் போட்டு, நடுவில் மேடு தட்டிய இரும்புக் கரண்டியில் ஊற்றி எண்ணெயில் இறக்குவார்கள். மேட்டின்மேல் மாவு மெல்லியதாக நிற்பதால் நடுப்பகுதி மொறுமொறுவென்று ஆகும், ஓரம் பஞ்சாக இருக்கும். ஓரிரு யுவான்தான். ரகான்மியன் கிண்ணத்துக்குள் பிய்த்துப் போட்டு எள் விழுதைத் தொட்டுச் சாப்பிட்டுப் பாருங்கள்.

மீன் சாப்பிடுபவர் என்றால் ஹூதாங்ஃபென் தவறக்கூடாது. சின்ன ஆற்று மீன்களை முள்ளும் கரையும்படி மணிக்கணக்கில் கொதிக்கவிட்டு, அரிசி மாவால் கெட்டியாக்கி, மிளகை அள்ளிப்போட்ட கூழ் அது. உள்ளே மெல்லிய அரிசிச் சேமியா. யோதியாவ் என்ற நீளப் பொரித்த மாவைத் துண்டு துண்டாக நறுக்கி அதில் முக்கிச் சாப்பிட வேண்டும். பார்க்கச் சாம்பல் நிறத்தில் கொழகொழவென்று இருக்கும், விருந்தாளி தயங்குவார். ஒரு கரண்டி வாயில் வைத்ததும் மிளகு மற்றதைப் பார்த்துக்கொள்ளும். மழைக்காலத்திலும் குளிர்காலத்திலும் எனக்கு ரகான்மியனைவிட இதுதான் பிடிக்கும். வூஹான்காரர்களிடம் இதைச் சொல்லிவிடாதீர்கள்.

ஒட்டரிசி பொதிந்து ஆவியில் வேகவைத்த வூஹான் ஷாவ்மையும் மிளகுக் கட்சிதான், ஆனால் பன்றிக் கொழுப்பு வழியும். ஒருவர் ஒன்று சாப்பிட்டால் போதும். எள் ஒட்டிய இனிப்பு உருண்டை ஹுவான்சித்வோ குழந்தைகளுக்கு.

சைவம் என்றால்

சைவர்களை அழைத்துப் போகப் பயப்படுபவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. இந்த ஊரில் சைவர்களுக்குக் காலைதான் தோதான வேளை, ராத்திரிதான் கஷ்டம். மியன்வோ, யோதியாவ், சோயாப் பால், ஹுவான்சித்வோ, சர்க்கரை போட்ட மிருதுவான தோஃபு, ஒட்டரிசிக்குள் யோதியாவை வைத்து எள்ளும் சர்க்கரையும் தூவிச் சுருட்டிய உருட்டு எல்லாமே பெரும்பாலும் சைவம்தான். ரகான்மியனில் கவனிக்க வேண்டியது அந்தக் கறுப்பு நீரைத்தான், சில கடைகளில் அதை மாட்டிறைச்சி வேகவைத்த நீரில் செய்வார்கள். "பூ யாவ் லூ ஷுவெய்" என்றால் அது வேண்டாம் என்று பொருள். அதற்குப் பதில் கொஞ்சம் சோயா சாஸ் விடச் சொல்லுங்கள், எள் விழுது இருப்பதால் ருசி பெரிதாகக் குறையாது.

"வோ ச்சி சூ", அதாவது நான் சைவம், என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். துண்டாகத் தெரியாத வரைக்கும் கொத்துக்கறியும் பன்றிக் கொழுப்பும் எலும்புச் சாறும் பல கடைக்காரர்களுக்குக் கணக்கில் வராது. அவர்கள் ஏமாற்றுவதில்லை, அவர்கள் பார்வையில் அது வாசனைக்குப் போடுவது. உங்கள் படக்குறிப்பில் இறைச்சி, பன்றிக் கொழுப்பு, எலும்புச் சாறு, சிப்பி சாஸ், முட்டை என்று தனித்தனியாக எழுதி, வேண்டாதவற்றைக் குறியுங்கள். ஒரே எண்ணெயில் எல்லாம் பொரித்தால் ஆகாது என்பவர்களுக்குச் சோயாப் பாலும் ஒட்டரிசியும்தான் மிஞ்சும். அவர்களை மதியத்துக்கு வூச்சாங்கில் உள்ள பாவ்தோங் கோயிலின் சைவ உணவகத்துக்கு அழைத்துப் போங்கள், பௌத்தக் கோயில் சமையல் என்பதால் நம்பிச் சாப்பிடலாம்.

மாட்டிறைச்சி வேண்டாதவர்களுக்கு "பூ யாவ் நியூ ரோ", பன்றி வேண்டாதவர்களுக்கு "பூ யாவ் ஜூ ரோ". ஹலால் பார்ப்பவர்களுக்கு முஸ்லிம்கள் நடத்தும் கடைகள், முக்கியமாக லான்ஜோ நூடுல்ஸ் கடைகள், ஏறக்குறைய எல்லாப் பகுதியிலும் இருக்கும்.

அப்புறம் சந்தைக்குள்

சாப்பிட்டதும் நேரே காய்கறிச் சந்தைக்குப் போய்விடுங்கள். 'சாய் ச்சாங்' என்று கேட்டால் யாரும் கை காட்டுவார்கள். வூஹான் சந்தை என்றதுமே விருந்தாளி வௌவாலைப் பற்றிக் கேட்பார். கேட்கட்டும், பதிலைத் தயாராக வைத்திருங்கள். ஊர்ப் பேச்சில் அடிபட்ட ஹுவானான் கடலுணவுச் சந்தையை 2020 ஜனவரி 1ஆம் தேதி மூடிவிட்டார்கள். அதே ஆண்டு பிப்ரவரியில் நிலத்தில் வாழும் காட்டு விலங்குகளை உணவுக்காக விற்பதையும் சாப்பிடுவதையும் நாடு முழுவதும் தடை செய்தார்கள். நீங்கள் போகும் சந்தையில் தாமரைக் கிழங்கும் கெண்டை மீனும்தான் இருக்கும்.

தாமரைக் கிழங்கிலிருந்தே தொடங்குங்கள், ஹூபெய் மாகாணத்தின் பெருமை அது. சேற்றோடு நீளநீளமாக அடுக்கியிருப்பார்கள். குறுக்கே வெட்டினால் ஏழு துளை உள்ளது மாவு போல் வேகும், எலும்புச் சாறுக்கு ஆகும். ஒன்பது துளை உள்ளது நறுக்கென்று இருக்கும், வதக்கலுக்கு ஆகும். சந்தைக்காரர்கள் சொல்லும் கணக்கு இது. கோடையில் வந்தால் பச்சைத் தாமரைக்காய் வாங்கி அங்கேயே உரித்துக் கொடுங்கள். பஞ்சு போன்ற காயிலிருந்து விதையைப் பிதுக்கி, பச்சைத் தோலை நகத்தால் கீறி எடுத்து, முற்றிய விதை என்றால் இரண்டாகப் பிளந்து நடுவில் இருக்கும் பச்சை முளையையும் எடுத்துவிட வேண்டும், அது கசக்கும். குளிர்காலத்தில் ஊதா நிறத் தண்டோடு ஒரு கீரை கட்டுக் கட்டாக வரும். ஹோங்ஷான் பகுதித் தண்டுக்குத்தான் பேர். வாங்கி வந்து வீட்டில் பூண்டு தட்டிப்போட்டு வதக்கினால் சைவ விருந்தாளிக்கு ராத்திரிச் சாப்பாடு ஆயிற்று.

விலைப் பலகையில் எழுதியிருப்பது 'ஜின்' கணக்கு, அதாவது அரைக் கிலோவுக்கு. கிலோ என்று நினைத்து "இவ்வளவு மலிவா" என்று வியப்பவர்களிடம் இரண்டால் பெருக்கச் சொல்லுங்கள். காலைச் சாப்பாட்டுக் கடைகளில் பேரம் கிடையவே கிடையாது. சந்தையிலும் பெரிதாகப் பேச ஒன்றுமில்லை, கொசுறாக இரண்டு வெங்காயத்தாள் வேண்டுமானால் போடுவார்கள்.

மீன் பக்கத்துக்குப் போவதற்கு முன் விருந்தாளியிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். எல்லாம் உயிரோடு இருக்கும். விலாங்கு போன்ற சேற்று மீனைப் பலகையில் நட்ட ஆணியில் தலையைக் குத்தி நிறுத்தி, ஒரே இழுப்பில் வயிற்றைக் கீறி முள்ளை உருவுவார்கள். வலைப்பையில் தவளைகள் குதித்துக்கொண்டிருக்கும், தொட்டியில் ஆமை இருக்கும். தரை எப்போதும் ஈரம், செருப்பு வழுக்கும். மனம் தாங்காதவர்களையும் வெள்ளைப் பேன்ட் போட்டவர்களையும் காய்கறிப் பக்கமே நிறுத்திவிட்டு நீங்கள் மட்டும் போய் வாங்க வேண்டியதை வாங்கி வாருங்கள். படம் எடுப்பதானால் கைபேசியைக் காட்டித் தலையை ஆட்டிக் கேட்டுவிட்டு எடுங்கள். வேலை செய்யும் கையைப் படம் எடுத்தால் பெரும்பாலும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள், முகத்துக்கு நேரே நீட்டினால்தான் கோபம் வரும்.

ஆற்றைக் கடந்து

காலை இன்னும் மிச்சம் இருந்தால் ஹூபு சந்துக்குப் பக்கத்திலிருக்கும் ஜோங்ஹுவா சாலைத் துறையிலிருந்து படகில் ஏறி ஹான்கோவுக்குப் போங்கள். சில யுவான்தான் கட்டணம். 1957இல் திறந்த யாங்சிப் பாலம் படகிலிருந்து முழுதாகத் தெரியும். அக்கரையில் இறங்கும் இடத்தில் 1924இல் கட்டி முடித்த பழைய சுங்க மாளிகை, அதன் மணிக்கூண்டு. பெரியவர்களுக்கு இதில் கால் வலி இல்லை, வயிற்றுக்கும் ஓய்வு. ஜூலை ஆகஸ்டில் ஒன்பது மணிக்கே வெயில் கொளுத்தும் என்பதால் படகை எட்டு மணிக்கு முன்னால் வைத்துக்கொள்ளுங்கள். ஏப்ரல், அக்டோபர், நவம்பர் மாதங்களில் எப்போது வேண்டுமானாலும் போகலாம்.

வயிறு

கொதித்ததையும், கண்ணெதிரே பொரித்ததையும் சாப்பிட்டால் பெரும்பாலும் தொந்தரவு வராது. வெட்டி வைத்த பழத்தையும் நேரமாகித் துவண்டுபோன பொரியலையும் தவிர்க்கலாம். குழாய் நீரை இங்குள்ளவர்களே காய்ச்சித்தான் குடிக்கிறார்கள், பாட்டில் ஒன்று கையில் இருக்கட்டும். பொதுக் கழிப்பறைகள் நிறையவே இருக்கின்றன, ஆனால் காகிதம் பல இடங்களில் இருக்காது, பெரும்பாலானவை குந்தும் வகை. டிஷ்யூ பாக்கெட் இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள், கடைகளில் கை துடைக்கவும் அதுதான்.

விருந்தாளி இரண்டு வாய் சாப்பிட்டு வைத்துவிட்டால் வற்புறுத்தாதீர்கள். "தா பாவ்" என்றால் பையில் கட்டிக் கொடுப்பார்கள். ரகான்மியனை மட்டும் கட்டக் கேட்காதீர்கள், வீடு போவதற்குள் கட்டியாகிவிடும்.

ஊருக்குக் கொண்டுபோக

கிளம்பும்போது எல்லாரும் ஏதாவது வாங்க வேண்டும் என்பார்கள். காற்றுப் போகாத பொட்டலத்தில் வரும் வாத்துக் கழுத்து இந்த ஊரில் பிரபலம். ஆனால் இறைச்சிப் பொருளைச் சுங்கத்தில் பிடித்துப் போட வாய்ப்புண்டு, அதை இங்கேயே சாப்பிட்டு முடித்துவிடுவது நல்லது. பெட்டியில் வரும் உடனடி ரகான்மியன் எல்லாப் பல்பொருள் அங்காடியிலும் கிடைக்கும், வாங்கும் முன் உள்ளே உள்ள மசாலாப் பொட்டலத்தில் இறைச்சி இருக்கிறதா என்று கைபேசி மொழிபெயர்ப்பை வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். சைவ வீட்டுக்கு நான் வாங்கிக் கொடுப்பது தாமரைக் கிழங்கு மாவு. எடை குறைவு, கெட்டுப்போகாது. கரைக்கும் முறையை மட்டும் சொல்லி அனுப்புங்கள். நேரே வெந்நீர் ஊற்றினால் கட்டி தட்டிவிடும். இரண்டு மூன்று கரண்டி மாவைக் கொஞ்சம் பச்சைத் தண்ணீரில் முதலில் கரைத்துக்கொண்டு, பிறகு நன்றாகக் கொதிக்கும் நீரை ஒரே வீச்சில் ஊற்றி விடாமல் கிளற வேண்டும். வெள்ளையாக இருந்தது கண்ணாடி மாதிரி ஆகும்போது சர்க்கரை போட்டுக் குடிக்கலாம்.